வலி நின்றுவிட்ட பல்லைப் பற்றி

பல்லுக்கொதி பகலைவிட இரவில் கூடுதலாக வாட்டும் என்பது பட்டவர்களுக்குத் தெரியும். படுத்தவுடன் தலைப்பகுதியில் குருதியின் அழுத்தம் சற்று உயர்கிறது. ஏற்கெனவே அழற்சியுற்றிருக்கும் பல்லின் உட்பகுதி அந்தச் சிறு உயர்வையும் தாங்க மாட்டாமல் துடிக்கிறது. பல் வைத்தியர் கிடைக்காத நேரமும் அதுவே. ஆகையால் வீட்டில் நடக்கும் பல் வைத்தியம் பெரும்பாலும் இரவுச் சாப்பாட்டுக்குப் பின்னர் தொடங்கி விடியும் வரை நீள்கிறது. முதலில் கராம்பு, பிறகு உள்ளி, அதற்குப் பிறகு யாருக்கோ எப்போதோ எழுதிக் கொடுத்து அலுமாரியில் மிஞ்சிக் கிடக்கும் குளிசைகள் என்று கைக்கு எட்டியது எல்லாம் வாய்க்குள் போகிறது.

திருகோணமலை நகரில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளராக வேலை செய்கிறேன். கன்னத்தைப் பொத்திக்கொண்டு வருபவர்களைப் பார்க்காத கிழமை இல்லை. "தங்கச்சி, பல்லுக்கொதிக்கு நல்ல பவரான குளிசையாப் பாத்து ரெண்டு தாங்கோ, நாளைக்கு எப்படியும் ஆசுப்பத்திரிக்குப் போறன்" என்பார்கள். சில நாள் கழித்து வேறு சாமான் வாங்க வரும்போது பல் எப்படி என்று விசாரித்தால், வலி நின்றுவிட்டது, அதனால் போகவில்லை என்று முகம் மலர்ந்து சொல்வார்கள். அந்த மலர்ச்சிதான் எனக்குக் கவலை தருகிறது. வீட்டு வைத்தியத்தின் ஆபத்துகளில் வாய் வெந்துபோவதும் குளிசை ஒத்துக்கொள்ளாமல் போவதும் கண்ணுக்குத் தெரிபவை. வலி அடங்கியதையே குணமென்று எண்ணி இருந்துவிடுவது கண்ணுக்குத் தெரியாதது, ஆனால் அவை எல்லாவற்றிலும் பெரியது.

பல்லின் வெளிப்புறத்தில் மிளிரி என்னும் கவசம் இருக்கிறது. மனித உடலில் அதைவிடக் கடினமான பொருள் வேறில்லை. அதன் கீழே பன்முதல் என்னும் அடுக்கு. அதற்கும் உள்ளே, நரம்பும் நுண்ணிய குருதிக் கலன்களும் நிறைந்த பற்கூழ். கையிலோ காலிலோ அழற்சி ஏற்பட்டால் தசை வீங்கி இடம் கொடுக்கும். பற்கூழுக்கோ நான்கு புறமும் கல் போன்ற சுவர். வீங்க இடமில்லாததால் உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகிறது, வேரின் நுனியில் உள்ள சிறு துளை வழியாக வரும் குருதியோட்டம் நெரிபடுகிறது, கடைசியில் பற்கூழ் செத்துப்போகிறது. நரம்பு செத்தவுடன் வலியும் நிற்கிறது. குளிரும் இனிப்பும் பட்டால் மட்டும் கூசிய காலத்தில் ஒரு சாதாரண நிரப்புதலோடு காப்பாற்றியிருக்கக்கூடிய பல், சூடு பட்டு நெடுநேரம் வலித்த கட்டத்தையும் தானாகவே இரவில் துடித்த கட்டத்தையும் கடந்து, இப்போது எந்த ஓசையும் இன்றி இருக்கிறது. முதல் நாள் இரவில் வாயில் எதை வைத்தாரோ அதுவே குணப்படுத்தியது என்று அந்த மனிதர் நம்புகிறார். அக்கம் பக்கத்திலும் சொல்கிறார். ஊரில் வழங்கும் பல் வைத்தியக் குறிப்புகளில் பல இப்படித்தான் பெயர் பெற்றிருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

செத்த பற்கூழில் பற்றீரியாக்கள் தங்குதடையின்றிப் பெருகுகின்றன. வேரின் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் இறங்கி அங்கே சீழ்ப்பை ஒன்றை உண்டாக்குகின்றன. சிலருக்கு முரசில் சிறு பரு போலத் துளை விழுந்து சீழ் மெதுவாகக் கசிந்துகொண்டிருக்கும்; அழுத்தம் வெளியேறிவிடுவதால் வலியே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருந்துவிடுவார்கள். வேறு சிலருக்குச் சீழ் வெளியேற வழி கிடைக்காமல், முகத்துக்கும் கழுத்துக்கும் உரிய தசைகளின் இடைவெளிகளில் பரவுகிறது. கீழ்த்தாடையின் பின்கடைவாய்ப் பற்களின் வேர் நுனிகள், வாயின் அடித்தளத் தசை எலும்போடு ஒட்டியிருக்கும் கோட்டுக்கும் கீழே இருப்பதால், அங்கிருந்து கிளம்பும் தொற்று நேராகத் தாடையின் அடிப்பகுதிக்கு இறங்கிவிடும். இரு பக்கமும் பரவி நாக்கை மேலே தூக்கி மூச்சுக்குழலை நெரிக்கும் இந்த நிலையை 1836 ஆம் ஆண்டில் ஜேர்மனிய மருத்துவர் லுட்விக் விவரித்து எழுதினார். இன்றும் மருத்துவ உலகில் அவர் பெயராலேயே வழங்குகிறது. நுண்ணுயிர்க்கொல்லிகள் வருவதற்கு முந்திய காலத்தில் இதற்கு ஆளானவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இன்று காப்பாற்ற முடியும், நேரத்துக்கு வந்தால்.

ஆகவே இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாடைக்குக் கீழே இறுகிய வீக்கம், வாயைத் திறக்க முடியாமை, எச்சிலை விழுங்க முடியாமல் வழிதல், குரல் மாறுதல், மூச்சு முட்டுதல், காய்ச்சல், கண்ணைச் சுற்றிப் பரவும் வீக்கம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று பல்வலியோடு சேர்ந்து வந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம். பல் கிளினிக் பூட்டியிருக்கிறதே என்று தயங்கவும் வேண்டாம். இது கிளினிக்குக்கு உரிய விடயமன்று. திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையோ, கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆதார வைத்தியசாலைகளோ, எது கிட்டவோ அதன் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அந்த இரவிலேயே போக வேண்டும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்குத் தொற்று இன்னும் வேகமாகப் பரவும் என்பதால், அவர்கள் இவற்றில் எதையும் சிறிதென்று விடக்கூடாது.

இவ்வளவும் சொல்லும்போது, வீட்டிலேயே வைத்தியம் பார்த்துக்கொள்பவர்களை அறியாதவர்கள் என்று ஏசுவதற்கு எனக்கு மனமில்லை. அரச வைத்தியசாலையில் பல் பிடுங்குவதும் நிரப்புவதும் இலவசம்தான். ஆனால் ஈச்சிலம்பற்றிலிருந்தோ குச்சவெளிக்கு அப்பாலிருந்தோ ஒருவர் காலையிலேயே வந்து இலக்கம் எடுத்து இருந்து வீடு திரும்ப ஒரு நாள் போய்விடும். நாட்கூலிக்குப் போகிறவருக்கு அது ஒரு நாள் சம்பளம். இரவில் கடலுக்குப் போகிறவர் காலையில் கரையேறி மீனைக் கொடுத்துவிட்டுத் தூங்கும் நேரமே கிளினிக் திறந்திருக்கும் நேரம். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை கிண்ணியாவிலிருந்து நகரத்துக்கு வருவதற்கே படகுப்பாதைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. தூரத்தைக் கணக்குப் பார்த்து வலியைப் பொறுத்துக்கொள்ளும் வழக்கம் அந்தக் காலத்தோடு முடிந்துவிடவில்லை. 2022 இன் நெருக்கடியில் எரிபொருளும் மருந்தும் தட்டுப்பட்டபோது பலர் இதே பழக்கத்துக்குத் திரும்பினார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, சிறு வயதில் பல் பிடுங்கிய அனுபவத்தின் பயம் ஐம்பது வயதிலும் போகாதவர்கள் இருக்கிறார்கள். காரணங்கள் நியாயமானவை. பற்றீரியா அவற்றுக்காகக் காத்திருப்பதில்லை என்பதுதான் துயரம்.

கராம்புத் தைலத்தைப் பற்றி நியாயமாகப் பேச வேண்டும். அதிலுள்ள யூஜினோல் உண்மையாகவே நரம்பை மரக்கச் செய்யும். பல் வைத்தியர்களே அதைத் துத்தநாக ஒட்சைட்டோடு குழைத்துத் தற்காலிக நிரப்புதலுக்குப் பயன்படுத்துகிறார்கள். ஒரு சொட்டைப் பஞ்சில் தொட்டு, குழிக்குள் மட்டும் படும்படி சிறிது நேரம் வைத்தால் அன்றைய இரவைக் கடக்கலாம். ஆனால் போத்தலைச் சரித்து ஊற்றினாலும், மணிக்கொரு தரம் வைத்தாலும், முரசும் கன்னத்தின் உட்தோலும் வெந்து வெளுத்துவிடும். குழந்தைகளுக்கு இதைப் பூசவே வேண்டாம். சிறு அளவு விழுங்கினாலும் அவர்களின் ஈரலைப் பாதிக்கக்கூடியது. நசித்த உள்ளியை இரவு முழுவதும் முரசில் அடக்கி வைத்தாலும் இதே புண்தான். அஸ்பிரின் குளிசையை விழுங்காமல் வலிக்கும் பல்லின் அருகில் வைத்துக் கரைய விடுபவர்களும் உண்டு. அது அமிலம், வலியைப் போக்குவதற்கு முன்னர் தோலை எரிக்கும். எருக்கம்பால், மண்ணெண்ணெய், பற்றரித் தண்ணீர் ஆகியவற்றைச் செய்யாதீர்கள் என்று சொல்வதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. எருக்கம்பால் தவறிக் கண்ணில் தெறித்தால் பார்வையே கெடும்.

கண்டங்கத்தரி விதையைத் தணலில் போட்டுப் புகை பிடித்தால் பல்லிலுள்ள பூச்சி விழுந்துவிடும் என்ற நம்பிக்கை நம் பாட்டிமாரிடம் இருந்தது. பல்லில் பூச்சி இருக்கிறது என்ற எண்ணம் நமக்கு மட்டும் உரியதன்று. உலகின் பல நாகரிகங்களில் அது இருந்தது. பிரான்சிய பல் வைத்தியரான பியர் போஷார் 1728 இலேயே அதை மறுத்து எழுதினார். பல்லைத் தின்பது புழு அன்று; நாம் உண்ணும் சீனியையும் மாவையும் வாயிலுள்ள பற்றீரியாக்கள் புளிக்க வைப்பதால் உண்டாகும் அமிலமே மிளிரியைக் கரைக்கிறது. இதைச் சொல்வது சித்த மருத்துவத்தைக் குறைத்துப் பேசுவதாகாது. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவத்தை ஆண்டுக்கணக்கில் முறையாகப் படித்துப் பட்டம் பெற்று வருகிறார்கள். ஒரு குறிப்பைக் கேள்விப்பட்டுத் தன் வாயில் சோதித்துப் பார்ப்பதும் அந்தப் படிப்பும் ஒன்றல்ல.

இனிக் குளிசைகள். இது என் தொழில் சார்ந்தது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

பரசிற்றமோல், அதாவது நாம் பனடோல் என்று சொல்லும் மருந்து, சரியான அளவில் பாதுகாப்பானது. வளர்ந்த ஒருவர் 24 மணித்தியாலத்தில் 4 கிராமுக்கு மேல் எடுக்கக்கூடாது; 500 மில்லிகிராம் குளிசையில் அது 8. நான்கு மணித்தியாலமாவது இடைவெளி வேண்டும். உடல் மெலிந்தவர்களுக்கும் சாராயம் பாவிப்பவர்களுக்கும் இந்த எல்லை இன்னும் தாழ்ந்தது. பல்லுக்கொதி வேறு வலிகளைப் போல் படிப்படியாக அடங்குவதில்லை. அதனால் இரண்டு போட்டும் கேட்கவில்லை என்று மறுபடி இரண்டு, பக்கத்து வீட்டார் தந்த வேறு பெயருள்ள குளிசை இரண்டு, தடிமனுக்கு வாங்கிய கூட்டுக் குளிசை ஒன்று என்று போகிறது. பெட்டியில் பெயர் வேறாக இருந்தாலும் உள்ளே இருப்பது அதே பரசிற்றமோல்தான். உயிரை மாய்க்க எண்ணாமலே அளவு மீறியவர்களைப் பற்றிய மருத்துவ எழுத்துகளில், பல்வலிக்காக எடுத்தவர்கள் திரும்பத் திரும்ப வருகிறார்கள். ஈரல் பாதிக்கப்படுவது முதல் நாளில் வெளியே தெரியாது. தெரியும் நேரத்தில் காலம் கடந்திருக்கலாம்.

டைக்குளோபெனக், இபுபுரோபன் போன்றவை பல்வலிக்கு நன்றாகக் கேட்கும் என்பதால் அவற்றையே பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். வயிற்றுப்புண், இருதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்களும், கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் உள்ள தாய்மாரும் அவற்றைத் தாமாக எடுப்பது ஆபத்து. நம் மாவட்டத்துக்குள்ளேயே பதவி சிறிபுரப் பக்கத்தில் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் பலரை வாட்டுகிறது. அங்கிருந்து வருபவர் இந்தக் குளிசைகளைக் கேட்டால் நான் கொடுப்பதில்லை. இன்னொரு காரணமும் உண்டு. 2017 இல் நாடு முழுவதும் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். அந்த ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியா பட்ட பாட்டை நாம் மறக்கவில்லை. டெங்குக் காய்ச்சலில் இவ்வகைக் குளிசைகளும் அஸ்பிரினும் குருதிப்பெருக்கைக் கூட்டும். மழைக்காலத்தில் பல்வலியோடு காய்ச்சலும் இருக்கும் ஒருவர், காய்ச்சல் பல்லால் வந்தது என்று தாமே முடிவு கட்டி டைக்குளோபெனக் போடுவதை எண்ணினால் எனக்கு நடுக்கம் வருகிறது.

அமொக்சிசிலின், மெட்ரோனிடசோல் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லிகளை வைத்தியரின் சீட்டு இல்லாமல் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்று: செத்த பல்லுக்குள் குருதியோட்டம் இல்லை, குருதியோட்டம் இல்லாத இடத்துக்கு நீங்கள் விழுங்கும் மருந்து போய்ச் சேராது. சுற்றியுள்ள தசையில் வீக்கம் சற்று வற்றும், அவ்வளவுதான். பல்லைத் திறந்து துப்புரவாக்கும் வரை அல்லது பிடுங்கும் வரை தொற்றின் ஊற்று உள்ளே இருக்கிறது. இரண்டு நாள் போட்டு, வலி குறைந்ததும் மிச்சத்தை அடுத்த தடவைக்கென்று எடுத்து வைப்பதால், எஞ்சிய பற்றீரியாக்கள் அந்த மருந்துக்கு அடங்காதவையாக மாறவும் இடம் உண்டு. பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவருக்கு அமொக்சிசிலின் உயிருக்கே உலை வைக்கும். குருதி உறைவதைக் குறைக்கும் வார்பரினை எடுப்பவருக்கு மெட்ரோனிடசோல் சேர்ந்தால் குருதி உறையாமல் போகும். இவற்றைச் சீட்டு இல்லாமல் விற்பது சட்டப்படியும் குற்றம். தராவிட்டால் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

பல்லைத் தாமே பிடுங்குவது அருகிவிட்டது என்று நினைப்போம். அப்படியில்லை, குறட்டைக் கொண்டு முயன்று பல்லை முறித்துக்கொண்டு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஆடி விழப்போகும் பாற்பல்லைக் குழந்தை தானே நாக்கால் தள்ளி எடுப்பது இயல்பு. வளர்ந்தவரின் கடைவாய்ப் பல் வேறு விடயம். மேல் கடைவாய்ப் பல்லுக்குப் பொதுவாக மூன்று வேர்கள், கீழுள்ளதற்கு இரண்டு; அவை விரிந்தும் வளைந்தும் எலும்பைப் பற்றியிருக்கும். இழுத்தால் மேற்பகுதி முறிந்து கையோடு வரும், தொற்றுள்ள வேர் உள்ளேயே தங்கும். மேல் வேர்கள் கன்னத்தின் காற்றறைக்கு மிக அருகில் இருப்பதால் அங்கே துளை விழவும் கூடும். இருதய நோய்க்காக அஸ்பிரினோ குளோபிடோகிரலோ எடுப்பவர்களுக்குக் குருதி எளிதில் நிற்காது. ஆடுகிறதே, தானே வந்துவிடும் என்று ஒரு பெரியவர் இழுப்பது பெரும்பாலும் முரசு நோயால் எலும்பு தேய்ந்த பல்லை. பக்கத்துப் பற்களிலும் அதே நோய் இருக்கும், அவற்றை இன்னும் காப்பாற்றலாம்.

வலிக்காக அன்றி அழகுக்காகச் செய்வனவும் இப்போது பெருகிவிட்டன. கைத்தொலைபேசியில் பார்த்த காணொளியை நம்பி, தேசிக்காய்ச் சாற்றில் அப்பச்சோடாவைக் குழைத்தும் கரித்தூளைக் கொண்டும் இளம்பிள்ளைகள் பல் தேய்க்கிறார்கள். அமிலம் கூடக் கூட பி.எச். என்னும் அளவு குறையும்; வாயில் அது 5.5 க்குக் கீழே இறங்கினால் மிளிரி கரையத் தொடங்கும். தேசிக்காய்ச் சாறு 2 க்கும் 3 க்கும் இடையில் உள்ளது. கரைந்து மென்மையான மேற்பரப்பை அந்த நேரத்திலேயே தூளால் உரசினால் அது அரைபட்டுப் போகும். முதலில் வெண்மையாகத் தெரிவது உண்மைதான்; மிளிரி மெலிந்ததும் அதன் கீழுள்ள பன்முதலின் மஞ்சள் நிறம் தெரியும், கூச்சமும் தொடங்கும். மிளிரி மறுபடி வளராது.

உலர் வலயத்தின் உட்பகுதிகளில், கிணற்று நீரில் புளோரைட்டு மிகுந்த இடங்களில் வளர்ந்த பிள்ளைகளின் பற்களில் பழுப்பு நிறக் கறைகள் இருக்கும். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குப் பரிந்துரைக்கும் எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம், அதை மீறிய நீரைப் பல் உருவாகும் வயதில் தொடர்ந்து குடித்ததால், கறை மிளிரியின் உள்ளேயே அமைந்துவிட்டது. கலியாணம் பேசும் வயதில் அந்தக் கறைக்காகக் கூனிக்குறுகும் பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும். உப்பும் தேசிக்காயும் செங்கல் தூளும் அதைப் போக்கா. பல் வைத்தியரிடம் அதற்கு முறையான வழிகள் உண்டு, அதற்காக வெட்கப்படத் தேவையில்லை.

முன்பற்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை மூட இறப்பர் வளையம் மாட்டுவதைப் பற்றியும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பல்லின் வேர் கீழே போகப் போகக் குறுகுவதால் வளையம் வழுக்கி முரசுக்குள் ஏறிவிடும். வெளியே தெரியாது, கழன்று விழுந்துவிட்டது என்று பிள்ளை நினைக்கும். உள்ளே அது வேரைப் பிடித்திருக்கும் நார்களையும் எலும்பையும் அறுத்துக்கொண்டே நுனியை நோக்கி நகர்ந்து, நல்ல பற்கள் இரண்டை விழுத்திவிடும். பல்லின் மேல் உறையாகப் பொருத்தியிருந்து கழன்ற கிரீடத்தையும் உடைந்த பல்செட்டையும் கடையில் விற்கும் உடனடிப் பசையால் ஒட்டுவதும் வேண்டாம்.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. இளஞ்சூடான உப்புத் தண்ணீரால் கொப்பளிக்கலாம், கன்னத்தின் வெளிப்புறத்தில் குளிர் ஒத்தடம் கொடுக்கலாம், தலையணையைச் சற்று உயர்த்திப் படுக்கலாம், அளவறிந்து பரசிற்றமோல் எடுக்கலாம். இவை எல்லாம் காலை வரைக்கும்.

ஒரே ஒரு நிலைமையில் மட்டும் வீட்டிலுள்ளவர்களே உடனே கைவைத்தாக வேண்டும். விளையாட்டிலோ விபத்திலோ நிரந்தரப் பல் ஒன்று முழுதாகப் பிடுங்கப்பட்டு விழுந்தால், அதன் மேற்பகுதியைப் பிடித்து எடுக்க வேண்டும். வேரைத் தொடவோ உரசவோ கூடாது. மண் பட்டிருந்தால் சில விநாடிகள் தண்ணீரில் அலசிவிட்டு, அதே குழியில் நேராகத் திரும்ப வைத்து, சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்லலாம். முடியாவிட்டால் பாலில் போட்டுக்கொண்டு போகலாம். வெறும் தண்ணீரில் போட்டால் வேரிலுள்ள உயிரணுக்கள் அழியும். ஒரு மணித்தியாலத்துக்குள் பல் வைத்தியரிடம் சேர்த்தால் அந்தப் பல் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பாற்பல்லாயின் திரும்ப வைக்கக்கூடாது, அடியில் முளைக்கும் பல் பாதிக்கப்படும். இதைப் பாடசாலைகளில் விளையாட்டுப் பொறுப்பாசிரியர்கள் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

கடைசியாக, வலிக்கவே வலிக்காத ஒன்று. வெற்றிலை போடும் பெரியவர்கள் வாய்ப்புண்ணுக்குப் பூசும் களிம்பைத் திரும்பத் திரும்ப வாங்குகிறார்கள். பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004 இலேயே வகைப்படுத்திவிட்டது. புகையிலை சேராத வெற்றிலைக் கூட்டுக்கும் இது பொருந்தும். இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான். தொடக்கத்தில் அது பெரும்பாலும் வலி தராத வெள்ளைப் படலமாக, சிவந்த திட்டாக, அல்லது ஆறாத சிறு புண்ணாக இருக்கும். மூன்று கிழமைக்கு மேல் ஆறாத எந்தப் புண்ணையும், முன்போல வாயைத் திறக்க முடியாத இறுக்கத்தையும் அரச பல் கிளினிக்கில் காட்டினால் பரிசோதிப்பார்கள்; பல் வலித்தால்தான் அங்கே போக வேண்டும் என்றில்லை, இலக்கம் எடுப்பதற்கு வாய்ப்புண்ணும் போதுமான காரணம்தான்.